மட்டக் குழாயில் நின்ற தண்ணீர்

பேய், ஆவி, முனி எதையும் நான் நம்புகிறவன் அல்ல. நம்புகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். முப்பது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறேன். ஆள் தூக்குப் போட்ட அறை, எரிந்த அறை, பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீடு, எல்லாவற்றிலும் தனியாக நின்று வேலை செய்திருக்கிறேன். வௌவால் பார்த்திருக்கிறேன். பாம்புச் சட்டை பார்த்திருக்கிறேன். வேறொன்றும் பார்த்ததில்லை. வெள்ளைச் சேலைக்காரி வழி கேட்டாள் என்று டீக்கடையில் கதை விடுகிறவனெல்லாம் முந்தின நாள் கள்ளுக்கடையில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவன்தான். எனக்குத் தெரியும். நான்தான் பாதிப் பேரை வீட்டில் கொண்டு போய் விட்டிருக்கிறேன்.

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. அஞ்சாவது வரை படித்தவன், ஜோடித்து எழுத வராது. பேய்க் கதைக்கு ராத்திரி வேண்டும் என்பார்கள். இது நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெயிலில்.

எங்கள் ஊர் சித்தூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர் என்றால் ஒரே தெரு, அரிவாள் மாதிரி வளைந்த தெரு. யார் இப்படிக் கோணலாகப் போட்டது என்று புதிதாக வருகிறவன் கேட்பான். யாரும் போடவில்லை. ஒரு காலத்தில் ஆறு அந்த வளைவில் ஓடியது, பிறகு தள்ளிப் போனது, அது விட்டுப் போன கரை மேட்டின் மேல் வீடு கட்டினார்கள், அவ்வளவுதான். மேட்டுத்தெரு என்று பெயர். தெருவுக்கும் இப்போதைய ஆற்றுக்கும் நடுவே இருக்கிற தாழ்வான நிலம் வண்டல் காடு. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு அதில் ஏறிப் படுத்து, வண்டலைப் போட்டுவிட்டு இறங்கிப் போகும். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் உரம் வாங்க வேண்டியதில்லை. பூசணியும் கத்திரியும் காய்த்துத் தள்ளும்.

ஆறு யாரையும் கேட்டு ஓடாது. கிட்டுச்சாமிக்கு ஆற்றோரம் பதினோரு தென்னை இருந்தது. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தால் பதினொன்றும் அந்தக் கரையில் நிற்கிறது. மரம் நகரவில்லை, ஆறு நகர்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மனுஷர் தன் தேங்காயைப் பறிக்கப் பாலம் சுற்றி பஸ்ஸில் போகிறார். அப்படி இருந்தும் அவருக்குப் புத்தி வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்பு வண்டல் காட்டில் யாரும் சுவர் வைத்து வீடு கட்டினதில்லை. பயிர் பண்ணுகிற சில குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மேட்டுத்தெருவில் ஒரு வீடு உண்டு. அதற்கு ஏத்து வீடு என்று பெயர். தண்ணீர் ஏறினால் ஆட்டையும் அரிசிப் பானையையும் எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். கேட்க வேண்டியதில்லை. கூப்பிட வேண்டியதில்லை. மற்ற நாளில் அவர்களுக்குத் தீட்டு என்று கை படாமல் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி ஊற்றினவர்களும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கதவைத் திறப்பார்கள். வெள்ளம் வடிந்து முதல் காய் வந்ததும் முதல் கூடை ஏத்து வீட்டுக்குப் போகும். அதுதான் கணக்குத் தீர்ந்ததற்கு அடையாளம்.

பிறகு புரோக்கர் சுகுமாரன் வந்தான். முதலில் விற்றவர் இதே கிட்டுச்சாமி. ஆறு பதினோரு மரத்தைக் கொண்டு போன பிறகும், மிச்சமிருந்த வண்டல் காட்டை வீட்டு மனை என்று விற்றார். அவரைப் பார்த்து எல்லாரும் விற்றார்கள். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார்கள். குடிசைக்காரர்கள் வேறு ஊர் போனார்கள். வந்தவர்களுக்கு ஏத்து வீடு என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தெருக்காரர்கள் சொல்லவும் இல்லை. சொன்னால் எவனும் வாங்க மாட்டான்.

அந்தப் பெரிய வெள்ளத்து வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அந்த வீடுகளில் இடுப்பு அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரில் சுற்றிலும் பழுப்பாக ஒரு கோடு. வெள்ளக்கோடு. அதை மறைக்கிற வேலைதான் எனக்குக் கிடைத்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே ரெண்டு கோட் கொடுத்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்த வரிசையில் எட்டு வீட்டை நான் அப்படி மறைத்தேன். நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் கொண்டு போய்க் குப்பையில் போட.

கடைசி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது சுகுமாரன் வந்து, இதை வாங்கப் போகிறவர்கள் நாளைக்குப் பார்க்க வருகிறார்கள் என்றான். யாராவது கேட்டால் என்ன சொல்ல என்றேன்.

"கேட்டா தரை ஈரம், ஓதம்னு சொல்லுங்க. ஆனா கேக்க மாட்டாங்கண்ணா. மலைக்காரங்க."

மறுநாள் வந்தார்கள். புருஷன் அந்தோணி, பெண்டாட்டி பாக்கியம். சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர்கள். அந்தோணிக்கு ஒரு கால் சரியில்லை, கம்பு ஊன்றித்தான் நடப்பார். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் பின்பக்கம் போனார். கம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நாலா பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணே, பின்னால குன்று கின்று ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

"அது போதும்ணே. அங்க மழை புடிச்சா இவ செருப்ப தலமாட்டுல வச்சிக்கிட்டுத்தான் படுப்பா. எப்ப மண்ணு சரியும்னு சொல்ல முடியாதுல்ல, எந்திரிச்சு ஓடணும்ல."

நான் ரோலரை நனைத்துக்கொண்டு நின்றேன். மலையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து வந்து நம்மைத் தாண்டிக் கீழே போய்விடுகிற சாமான். அது வந்து நிற்கும், நின்று ஏறும் என்பதை அவர் பார்த்ததே இல்லை. மலைக்குப் பயந்து மலை இல்லாத இடம் தேடினார். அங்கிருந்து முன்னூறு அடியில் ஆறு ஓடுகிறது. அதைப் பார்த்து, குளிக்க வசதி என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வளவு விவரம் இல்லாதவனுக்கு நாம் என்ன சொல்ல என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். எஸ்டேட்டிலிருந்து வரும்போது கொடுத்த பணம் முழுவதையும் போட்டு வாங்கினார்கள். ஆதாரம் பதிந்தார்கள், இங்கே மலையாளத்தில் பத்திரத்துக்கு அப்படித்தான் பேர். பாக்கியம் எனக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்துவிட்டுப் போனது.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. பாக்கியத்திடமிருந்து போன் வந்தது. சுவரில் ஒரு கோடு வருகிறது, வந்து பாருங்கள் என்றது. நான் மறைத்த கோடுதான் எட்டிப் பார்க்கிறது என்று நினைத்தேன். என் வேலையில் அப்படி ஆகாது, ஆனாலும் மட்டமான பட்டி கொடுத்தால் நான் என்ன செய்ய. சுகுமாரனைத் திட்டிக்கொண்டே போனேன்.

நான் மறைத்தது இடுப்பு உயரத்தில். இது என் தலைக்கு மேலே இருந்தது. கதவின் மேல் சட்டத்தை ஒட்டி, கூடத்துச் சுவரில் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டேன். ஈரம். விரலை முகர்ந்தால் வண்டல் வாசனை.

மொட்டை மாடியில் ஒழுகுகிறது என்றேன். பாக்கியம் மழையே இல்லையே அண்ணே என்றது. அப்படியானால் டேங்க் ஒழுகும் என்றேன். தெரியாதவர்களிடம் எதையாவது சொல்லி வாயை அடைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். சுரண்டிப் பட்டி வைத்து அடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் மறுபடி போன். அந்தத் தடவை மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். மட்டக் குழாய் என்றால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீள டியூப், முப்பது அடி. அதில் தண்ணீர் ஊற்றி ஒரு நுனியை இங்கேயும் ஒரு நுனியை அங்கேயும் பிடித்தால் ரெண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கொத்தனார் எல்லாரிடமும் இருக்கும், சுவரில் கலர் பட்டை பிடிக்க நானும் வைத்திருக்கிறேன். ஓதம் என்பது கோணல் மாணலாகத்தான் ஏறும், ஒழுகல் என்றால் ஒரு பக்கம் வழியும். மட்டம் பிடித்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். கோடு அதே இடத்தில் வந்திருந்தது. சுவரில் மட்டும் இல்லை. கடிகாரத்தின் கண்ணாடி மேல் போயிருந்தது. ஏசு படத்தின் கண்ணாடி மேல் போயிருந்தது. ஜன்னல் திரைத் துணியின் மேல், மடிப்பு மடிப்பாக, உடையாமல் போயிருந்தது. துணிக்கு ஏது ஓதம். திரையை ரெண்டு தடவை துவைத்துப் போட்டேன் அண்ணே, காய்ந்து மாட்டினதும் வந்துவிடுகிறது என்றது பாக்கியம். அந்தோணி நாற்காலியில் உட்கார்ந்து, இதெல்லாம் கீழ்நாட்டில் சகஜம் போல என்று சிரித்தார்.

குழாயில் தண்ணீர் பிடித்தேன். ஒரு நுனியைப் பாக்கியத்திடம் கொடுத்து, உள் அறையில் ஸ்டூல் மேல் ஏறிக் கோட்டில் வைக்கச் சொன்னேன். நான் கூடத்தில் வைத்தேன். ரெண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே மட்டம். சமையலறையிலும் பார்த்தோம். அங்கேயும் அதே. முப்பது வருஷத்தில் நான் பிடித்த பட்டை எதுவும் அவ்வளவு நேராக இருந்ததில்லை.

சரி, இறங்கு என்றேன். மட்டக் குழாயை இறக்கும்போது வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த பக்கமாக எல்லாம் கொட்டிவிடும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாக்கியம் நுனியைக் கையில் தொங்கவிட்டபடி நடந்து வந்தது. வாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, வாயை நான் மூடவே இல்லையே."

ஒரு சொட்டு விழவில்லை.

அடைத்துக்கொண்டிருக்கும் என்று வாங்கி உதறினேன். விழவில்லை. என் நுனியையும் தாழ்த்தினேன். ரெண்டு வாயும் திறந்திருக்கிறது, ரெண்டும் கீழே பார்க்கிறது, உள்ளே தண்ணீர் தெரிகிறது, அசைகிறது, வெளியே வரவில்லை. ஸ்டூல் மேல் ஏறி ஒரு நுனியைக் கோட்டுக்கு மேலே தூக்கி, வாயைச் சாய்த்தேன். உடனே கொட்டியது, என் சட்டையெல்லாம் நனைந்தது. கோட்டுக்குக் கீழே இறக்கினேன். நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினேன், கொட்டியது. இறக்கினேன், நின்றது. மூன்று தடவை பார்த்தேன்.

நீங்கள் கிணற்றில் இறங்கிக் குளித்திருந்தால் தெரியும். தண்ணீருக்குள் முங்கின குடத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒன்றும் கொட்டாது. கொட்டுவதற்கு அங்கே இடம் ஏது, சுற்றிலும் தண்ணீர்தானே. அந்தக் குழாய் அப்படித்தான் நடந்துகொண்டது. அந்த அறை கதவின் மேல் சட்டம் வரைக்கும் நிறைந்திருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதற்குள் நின்றுகொண்டிருந்தோம். வெளியே வெயில் அடிக்கிறது, எவனோ டிராக்டரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறான்.

நான் ஸ்டூலை விட்டு இறங்கி, இப்போதே கிளம்புங்கள், என் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அந்தோணிக்குக் கோபம் வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஒரு டியூபைக் காட்டி மனுஷனை வீட்டை விட்டு ஓட்டுகிறாயா, இது புரோக்கரும் நீயும் சேர்ந்து செய்கிற வேலையா என்றார். அவர் கேட்டதில் பாதி நியாயம். வேறு வழி இல்லாமல் சொன்னேன்.

"இந்தச் செவுத்துல இடுப்பு உசரத்துல வெள்ளக்கோடு இருந்துச்சுங்க. நாந்தான் மறைச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எட்டு வீட்டில் நான் வாங்க வேண்டியதை அந்த ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டேன். பாக்கியம் உள்ளே போய் ஒரு பையில் துணியும் பத்திரமும் வைத்தது, ஏசு படத்தைக் கழற்றியது, படுக்கிற இடத்தில் தலைமாட்டில் கிடந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னது.

"உங்கள நம்பி வரல. அந்தக் குழாய நம்பி வாறோம்."

மேட்டுத்தெருவில் ஏறினோம். நான் அரிசி மூட்டையோடு முன்னால், அந்தோணி கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால். கிட்டுச்சாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேலு, வெயில்லயே வெள்ளமா?"

ஏத்து வீடுங்க என்றேன்.

"தண்ணி வந்தப்பறம் ஏறுனாத்தாண்டா அது ஏத்தூடு. அதுக்கு முந்தியே ஏறி வந்தா விருந்துக்கு வந்த ஒரம்பரை. கோழி அடிச்சுப் போடு."

தெருவே சிரித்தது. அவர் பேசிப் பிரயோஜனமுள்ள ஆள் இல்லை, மூட்டையை உள்ளே இறக்கினேன். என் பெண்டாட்டி ருக்மணி எதுவும் கேட்காமல் உலையில் இன்னும் ரெண்டு படி போட்டாள்.

ரெண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தோணி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் ஆற்றுச் சத்தம் மாறியது. எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை, மேலே மலையில் எங்கேயோ கொட்டியிருக்கிறது. விடிந்து பார்த்தால் வண்டல் காடு முழுக்கத் தண்ணீர். மைக் கட்டின ஆட்டோ ஒன்று, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று சொல்லிக்கொண்டே வந்து, பாதி வழியில் சக்கரம் முங்கித் திரும்பிப் போனது. மனையில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து கேம்ப்புக்கு ஓடினார்கள். மேட்டுத்தெரு வழியாகத்தான் ஓடினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்கள் யாருக்கும் ஏத்து வீடு இல்லை.

அந்தோணி வீட்டில் முழங்கால் அளவுதான் நின்றது. மறுநாளே வடிந்துவிட்டது. முழங்கால் தண்ணீருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கிட்டுச்சாமிக்கு மறுபடி சிரிப்பு. கால் சரியில்லாத மனுஷன் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பான், இருட்டில் தண்ணீர் வந்திருக்கிறது, அதை அவர் யோசிக்கவில்லை. வண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தோணிதான் முதலில் பேசினார். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு.

"அண்ணே, தண்ணி முட்டிக்குத்தான வந்துச்சு. கோடு மேலல்ல இருக்கு. அப்ப அது எந்தத் தண்ணிக்கு?"

கோடு அப்படியேதான் இருந்தது, கதவுக்கு மேல். அது இந்தத் தண்ணீருக்கானது இல்லை.

அன்றைக்கே அந்த மட்டத்தை மேட்டுத்தெருவுக்குக் கொண்டு போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ரெண்டு பேர், ஒரு குழாய், ஒரு சாக்பீஸ். அவர் வீட்டுக் கோட்டில் ஒரு நுனி, கரண்ட் கம்பத்தில் ஒரு நுனி, அங்கே கோடு போடு. பிறகு கம்பத்திலிருந்து அடுத்த காம்பவுண்டுச் சுவர், அதிலிருந்து தென்னை மரம். நகரும்போது ஞாபகமாக வாயை அடைத்துக்கொண்டோம். அந்தோணி கம்பையும் குழாயையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். ரெண்டு கிறுக்கன் தண்ணீருக்கு வழி காட்டுகிறான் என்று தெரு முழுக்க வேடிக்கை.

தரை ஏற ஏறக் கோடு இறங்கும், அது இயற்கை. தெருவை அடைவதற்குள் தரைக்குள் போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதல் கம்பத்தில் எனக்கு எட்டவில்லை. மண் கொட்டின மனைகளின் ஓரத்தில் கழுத்து உயரம். வழியெல்லாம் அந்த மண் மேடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு படுத்துக்கொண்டிருந்த இடம் அது. படுக்கையை நிரப்பிவிட்டால் படுக்க வந்தவன் எங்கே போவான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை, ஆனாலும் எங்கள் தெருவில் ஒருத்தனுக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இருபத்தேழு தடவை வைத்து எடுத்தோம். தெருவின் தொடக்கத்தில் இடுப்பு. கிட்டுச்சாமி வீட்டுச் சுவரில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக் கைப்பிடி உயரம். நான் சாக்பீஸால் கோடு போட்டபோது அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் நாலு அடி போனதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை அழித்தார். கோட்டை அழிப்பதில் நான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன்.

தெருவிலேயே உயரமான வீடு என் வீடு. அங்கே வாசல் தரைக்கு மேலே நாலு விரல்.

அந்தோணி குழாயைப் பிடித்தபடி நின்றார். நான் அதன் நுனியை வாங்கி, சமையலறைக்குள் போய், மறு நுனியையும் இழுத்துக்கொண்டு, ரெண்டையும் தரைக்கு ரெண்டு விரல் உயரத்தில் கவிழ்த்துப் பிடித்துக் கட்டை விரலை எடுத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. ஒரு சாண் தூக்கிச் சாய்த்தேன். கொட்டியது. மெழுகின தரையை நனைக்கிறாயே என்று ருக்மணி திட்டிக்கொண்டே துணி போட்டுத் துடைத்தாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தோணி வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க ஏத்து வீடு எதுண்ணே?"

எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்று எவனும் நினைத்ததில்லை.

அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வேறு போக்கிடம் இல்லை. இப்போது அந்தக் கீழ் வீடு ஆடி மாசம் மட்டும் காலி, அந்த ஒரு மாசம் என் வீட்டில் இருப்பார்கள், கேட்பதில்லை, நேராக உள்ளே வந்துவிடுவார்கள். வண்டல் படிந்த கொல்லையில் பாக்கியம் பூசணி போட்டது. முதல் காயைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஏமாற்றினவன் வீட்டுக்கு முதல் கூடை. வாங்கி உள்ளே வைத்தேன்.

கோடு மறைக்கிற வேலையை விட்டுவிட்டேன். சுகுமாரன் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். மிச்சமிருந்த வண்டல் காட்டிலும் இப்போது லாரி மண் கொட்டுகிறது. கிட்டுச்சாமி பையனும் ஒரு மனை வாங்கியிருக்கிறான், அப்பா விற்ற இடத்தையே.

ஒவ்வொரு ஆடியிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் குழாயில் தண்ணீர் பிடித்துச் சமையலறையில் கவிழ்த்துப் பார்ப்பேன். முதல் வருஷம் நாலு விரல். மறு வருஷம் ஒரு சாண். போன ஆடியில் என் முழங்காலுக்கு இறக்கியும் கொட்டவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கின பிறகுதான் கொட்டியது. இதை நான் அந்தோணியிடம் சொன்னேன். ருக்மணியிடம் சொல்லவில்லை.

ஆனால் போன ஆடியிலிருந்து அவள் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். பாக்கியத்தைப் பார்த்துப் பழகியிருக்கலாம். நான் கேட்கவில்லை. படுக்கும்போது ரெண்டையும் ஜோடியாகக் கட்டிலுக்குக் கீழே, தலை பக்கம் வைக்கிறாள். காலையில் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். செருப்பு அங்கே இருப்பதில்லை. ஒன்று கதவு மூலையிலும் ஒன்று அடுப்பு மேடைக்குக் கீழேயும், சுவரை ஒட்டிக் கவிழ்ந்து கிடக்கும், தண்ணீர் வடிந்த பிறகு சாமான்கள் ஒதுங்கிக் கிடக்குமே அப்படி. அவள் எழுந்திருக்கும் முன் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன். தினமும் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது.